முதல் பங்கு அத்தைக்கு

துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்று கடிதத்தில் போட்டிருந்தது. வந்த கலவரமெல்லாம் அந்த ஒற்றை ஆளால்தான். ஆக்லாந்தின் தென்பக்கம், ஓட்டாஹூஹூவில் குடியிருக்கும் டோங்காத் தீவுக்காரர்கள் பல் பிடுங்கக்கூடத் தனியாகப் போய்ப் பழகாதவர்கள். இரண்டு பேர் காரில் ஏறினால் மூன்றாவது ஆள் எங்கே என்றுகூடக் கேட்காமல் செருப்பை மாட்டுவார். இவர்களிடம் போய் ஒரே ஓர் ஆள் என்று எழுதிய புண்ணியவான் யாரோ, தெரியவில்லை.

கடிதம் லெசியேலிக்கு வந்தது. வயது இருபத்தொன்று. பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படிப்பு, இரண்டாம் ஆண்டு. குற்றம், பார்த்து எழுதியது. அவளும், உடன் படிக்கும் ஹெனெலே, சூலியானா, மனு மூவரும் கொடுத்த நிரல்கள் வரிக்கு வரி ஒன்றாக இருக்கின்றனவாம். உறுதியானால் நால்வருக்கும் அந்தப் பாடத்தில் தோல்வி. லெசியேலி போன வருஷமே அதில் ஒரு முறை விழுந்தவள். இரண்டு முறை விழுந்தால் படிப்பிலிருந்தே வெளியே. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை அறைக்குள் போகிறவள் மாணவியாகத் திரும்பி வருவாளா என்பதுதான் கேள்வி.

அப்பா ஃபிலிமோனே விமான நிலையத்தை ஒட்டிய கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். பெற்றவன் நானிருக்க வேறு யார் போவது என்றார். போதகர் தன்னுடைய இங்கிலீஷ் சுத்தமானது என்பதை ஞாபகப்படுத்தினார். சித்தப்பா ஒருவர் எப்போதோ ஜூரியில் ஒரு வாரம் உட்கார்ந்தவர். சட்டம் தனக்கு அத்துப்படி என்று அன்றிலிருந்து சொல்லி வருகிறார், அன்றும் சொன்னார். அம்மா லவேனியா மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் இருபது வருஷமாக வேலை பார்ப்பவள். வீட்டில் சத்தம் கூடினால் துணி மடிக்க உட்கார்ந்துவிடுவாள். அன்றைக்கு மடித்து வைத்த துணியையே உதறி மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. எல்லாரும் எழுந்து நின்றார்கள். தோகிலூபே அத்தை வந்துவிட்டாள்.

அப்பாவின் அக்கா. டோங்கா வீட்டில் அவளுக்கு மேல் ஆள் கிடையாது. கல்யாணமோ சாவோ, நல்ல பாய், கொழுத்த பன்றி எல்லாம் முதலில் அவளுக்கு எடுத்து வைத்த பிறகுதான் மற்றவர்களுக்குப் பங்கு. லெசியேலியின் இருபத்தோராவது பிறந்தநாளுக்கு மூன்றடுக்குக் கேக் செய்தார்கள். மேலடுக்கைப் பெரிய தட்டோடு தூக்கிக் காரில் வைத்துக்கொண்டு அத்தை போனாள். பிறந்தநாள்காரி கீழடுக்கில் ஒரு துண்டு தின்றாள். இதில் யாருக்கும் வருத்தமில்லை. அவள் எடுத்துப் போகாமல் விட்டிருந்தால்தான் என்ன கோபமோ என்று வீடே கலங்கிப் போயிருக்கும்.

அத்தை கடிதத்தை வாங்கிக் கையை நீட்டித் தூரப் பிடித்துப் படித்தாள். "நான் போறேன்," என்றாள். அத்தோடு தீர்ந்தது. அதே சாயங்காலம் மற்ற மூன்று வீடுகளிலும் இதே கூத்து நடந்து இதே மாதிரி முடிந்தது. நாலு பிள்ளைகளுக்கு நாலு அத்தைகள். மீதிப் பேர் என்ன செய்வது என்ற கவலையை ஜூரி சித்தப்பா தீர்த்து வைத்தார். அறைக்குள்தான் ஒருவர், தாழ்வாரத்தைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை என்று கண்டுபிடித்தார். அவருடைய சட்ட ஞானம் முதன்முதலாக உதவியது அன்றைக்குத்தான்.

சரி, பார்த்து எழுதினார்களா இல்லையா? அதைச் சொல்லப் போனால் புதன்கிழமைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதல் வருஷம் லெசியேலி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நூற்று நாற்பது பேர் இருந்த வகுப்பு. மற்றவர்களெல்லாம் பிறக்கும்போதே கீபோர்டோடு பிறந்தவர்கள் போல அவளுக்குத் தோன்றியது. கை தூக்கிக் கேட்கலாம் என்று நினைக்கும்போது பாடம் அடுத்த பக்கம் போயிருக்கும். அப்படியே ஒரு பாடத்தில் விழுந்தாள். போதும், ஏதாவது வேலைக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்து, சர்ச் பாட்டுப் பயிற்சியில் பக்கத்தில் நின்ற சூலியானாவிடம் மட்டும் சொன்னாள். அந்தப் பெண்ணும் அதே வகுப்புதான், அதே கடைசி வரிசையில் மறுகோடி மூலையில் உட்காருகிறவள். அவளும் அதே முடிவில்தான் இருந்தாள். ஆண்குரல் வரிசையில் துழாவினால் ஹெனெலே அகப்பட்டான், மனு அகப்பட்டான். நாலு பேரும் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டு ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் தோற்றுக்கொண்டிருந்தார்கள்.

டோங்காப் பாடகர் குழுவுக்கு எண்கள்தான் சுரம். மூன்றிலிருந்து ஒன்பது வரை. பாட்டு நடத்துகிறவர் கரும்பலகையில் நாலு குரலுக்கும் நாலு வரி எண்ணாக எழுதிப் போடுவார். கீழ்க்குரல் தன் வரியைத் தனியாகப் பாடும், பிறகு அடுத்த குரல், பிறகு அடுத்தது. ஒரு வரி தடுமாறினால் அத்தனை பேரும் நிறுத்தி முதலிலிருந்து. எல்லாருக்கும் வரும்வரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது. இதை ஏழு வயதிலிருந்து செய்துவருகிறோம், இந்தக் கம்ப்யூட்டர் பாடத்தையும் இப்படியே படித்தால் என்ன என்று கேட்டவன் ஹெனெலே.

அன்றிலிருந்து புதன்கிழமை பயிற்சி முடிந்ததும் சர்ச் கூடத்தில் அதே பலகையில் கணக்கை எழுதினார்கள். நாலாகப் பிரித்து ஆளுக்கொரு பகுதி. தன் பகுதியைத் தானே முட்டி மோதிக் கற்று மற்ற மூவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். பிறகு பகுதிகளை மாற்றிக்கொள்ள வேண்டும். தேநீர்க் கோப்பை கழுவுகிற பெண்கள் வேலை முடிந்து பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். ஒரு எழவும் புரியாவிட்டாலும் எவன் புரியாமல் தலையாட்டுகிறான் என்பது அவர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. புரியாமல் தலையாட்டினவனுக்கு எண்ணெயில் பொரித்த கேகே உருண்டை கிடையாது என்று சட்டம் போட்டார்கள். வகுப்பில் கேள்வி கேட்கக் கூசிய லெசியேலி, இங்கே கேட்காமலிருந்ததற்குத் திட்டு வாங்கினாள். வருஷம் முடிவதற்குள் அந்த நூற்று நாற்பதில் ஐம்பது பேருக்கு மேல் படிப்பை விட்டுப் போனார்கள். கூடத்தில் இருந்த நாலு பேரில் ஒருவர்கூடப் போகவில்லை. லெசியேலிக்குப் பாடம் பிடித்தே போய்விட்டது. பஸ்ஸில் போகும்போதுகூட மனசுக்குள் நிரல் எழுதிச் சிரித்துக்கொள்வாள்.

இப்போது மாட்டிய நிரல், பெட்டிகளை வண்டிகளுக்குப் பிரித்து ஏற்றுகிற நிரல். பெட்டிக்கு ஓர் எடை, வண்டி தாங்குகிற எடை வேறு வேறு. எதை எதில் ஏற்றுவது? பலகை முன்னால் நின்ற நால்வருக்கும் இது ஏற்கனவே தெரிந்த விஷயமாகப் பட்டது. விருந்துக்கு வந்த பன்றிகளைக் குடும்பக் கூடைகளுக்குப் பிரிப்பதை எத்தனை முறை பார்த்திருக்கிறார்கள். ஆகவே நிரலில் பெட்டிக்குப் பன்றி என்றும் வண்டிக்குக் கூடை என்றும் பெயர் வைத்தார்கள். பிரிக்கத் தொடங்குமுன் ஆகப் பெரிய பன்றியை எடுத்து முதல் கூடையில் வைத்தார்கள். அந்த வரிக்கு அத்தை பங்கு என்று பெயர். அப்படி வைக்கச் சொல்லிக் கணக்கில் யாரும் கேட்கவில்லை. நாலு தலை, எட்டுக் கண், ஒருவருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. மூச்சு விடுவது போல வைத்துவிட்டார்கள்.

வரிகளெல்லாம் மனப்பாடமானதும் அவரவர் வீட்டுக்குப் போய் அவரவர் கையால் அடித்து அனுப்பினார்கள். இதைப் பார்த்து எழுதுவது என்று சொல்வார்கள் என்பது அவர்கள் புத்திக்கு எட்டவேயில்லை. பல்கலைக்கழகம் சோதித்துப் பார்த்தபோது முதல் வண்டி இருபது கிலோ மட்டுமே தாங்குகிற சின்ன வண்டி. நாலு பேருடைய நிரலும் அதன் தலையில் முப்பத்தைந்து கிலோப் பெட்டியை ஏற்றி உட்கார்ந்தது. மற்றவர்கள் எத்தனையோ விதமாகத் தப்புச் செய்திருந்தார்கள். இந்தத் தப்பை இவர்கள் நால்வர்தான் செய்திருந்தார்கள், நிரலுக்குள் பன்றி வளர்த்தவர்களும் இவர்கள்தான்.

வியாழக்கிழமை காலை வேனில் போகும்போது லெசியேலி ஒரு முடிவுக்கு வந்தாள். எப்படியும் ஒருவர் பலியாகாமல் இது முடியாது. ஹெனெலேவுக்கு ஆறு மாதக் குழந்தை இருக்கிறது. சூலியானாவுக்கு நால்வரில் நல்ல மூளை. மனுவுக்குப் பதினெட்டு வயது, ஒரு அடி விழுந்தால் எழ மாட்டான். அவர்கள் எழுதியதை அவர்களுக்குத் தெரியாமல் நான் எடுத்தேன் என்று சொல்லிவிட்டால் மூன்று பேர் தப்பிப்பார்கள். யாரிடமும் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, இனி இந்த வழியில் படிக்க வரப்போவதில்லை என்று வழியிலிருந்த பஸ் நிறுத்தங்களை எண்ணிக்கொண்டு வந்தாள்.

தாழ்வாரத்தில் முப்பத்தேழு பேர். டோங்கா வழக்கப்படி மரியாதைக்காக எல்லார் இடுப்பிலும் பாய் சுற்றியிருந்தது. சுவரோரம் வெள்ளித்தாள் மூடிய தட்டுகள். எவ்வளவு நேரம் இருப்பீர்கள் என்று கேட்க வந்த காவலாளி, தேங்காய்ப்பாலில் வெந்த கீரையும் கறியும் இருந்த காகிதத் தட்டோடு ஓரமாகப் போய் உட்கார்ந்தார். ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். முதலில் ஹெனெலே, பிறகு சூலியானா, பிறகு மனு. போனவர்களை வேறு அறையில் உட்கார வைத்ததால் என்ன நடந்தது என்று கேட்க வழியில்லை. லெசியேலி கடைசி.

விசாரணைக்குத் தலைவி ஹால்ஸ்டெட் என்ற பேராசிரியை. களைத்த முகம், இருபுறமும் இருவர். துணைக்கு வந்தவர் குறுக்கே பேசக் கூடாது என்று விதியைப் படித்தார். அத்தை பேசாமல் ஓர் அறையில் உட்கார்ந்து நாற்பது வருஷமாவது இருக்கும்.

"பாத்ரூம் போகணும்னாலும் பேசக் கூடாதா?" என்று கேட்டாள்.

அதற்குப் பேசலாம் என்று தலைவி அனுமதி கொடுத்தார். அத்தை கைகளை மடியில் கோத்துக்கொண்டாள்.

லெசியேலி கேள்விக்குக் காத்திருக்கவில்லை. ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

"அவங்க மூணு பேரும் எழுதினதப் பாத்து நான்தான் எழுதினேன். அவங்களுக்கே தெரியாது. தண்டன எனக்கு மட்டும் குடுங்க."

தலைவி பேனாவைக் கீழே வைத்தார். பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். அந்த ஆள் வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

"ஹெனெலே சொன்னாரு, உங்க மூணு பேரோடதப் பாத்துத் தான் எழுதினதா. சூலியானா, தான் பாத்து எழுதினதா சொன்னாங்க. மனு அழுதுகிட்டே சொன்னான், தான்தான் திருடன்னு. இப்ப நீங்க வந்திருக்கீங்க. நாலு பேரும் பாத்துத்தான் எழுதினீங்கன்னா, இத எழுதினது யாரும்மா?" என்றார் தலைவி.

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. அத்தை குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர் வழிய. சிரிப்பது பேச்சில் சேருமா என்று விதியில் இல்லை. லெசியேலிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்த மூன்று முட்டாள்களும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இதையேதான் யோசித்திருக்கிறார்கள். அவர்கள்மேல் அவளுக்கு அப்போது பொங்கிய பாசத்துக்கு அளவில்லை.

பிறகு உண்மையைச் சொன்னாள். பலகை, நாலு வரி, கேகே உருண்டைச் சட்டம் எல்லாவற்றையும். தலைவி நிறையக் கேள்வி கேட்டார், நிறைய எழுதிக்கொண்டார். கடைசியில் நிரலைச் சுவர்த் திரையில் போட்டு, முதல் வண்டிக்குப் பெரிய பெட்டியைத் தூக்கிக் கொடுப்பானேன் என்று கேட்டார். அது அத்தை பங்கு என்றாள் லெசியேலி. விசாரிக்க உட்கார்ந்த மூவரும் திரும்பி அத்தையைப் பார்த்தார்கள். பேச முடியாத அத்தை முதுகை நிமிர்த்தி இடுப்புப் பாயைச் சரிசெய்துகொண்டாள்.

"தப்பு எதுன்னு தெரியுதில்ல? இங்கயே சரி பண்ணுங்க," என்றார் தலைவி.

தெரியாமலென்ன. பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. அந்த வரியை அழித்தால் தீர்ந்தது. கீபோர்டுக்குப் போன விரல் நின்றுவிட்டது. அத்தையின் பங்கை, அத்தை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது, தம்பி மகள் எடுத்துப் போடுவதா? டோங்கா வீட்டில் இதுவரை யாரும் செய்யாத காரியம். ஆனால் அழிக்காவிட்டால் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று ஆகிவிடும். மெதுவாகத் திரும்பினாள்.

"அத்தை, எடுத்துடட்டுங்களா?"

அத்தை திரையைப் பார்த்தாள். தன் பெயர் சொல்லி நின்ற அந்த ஒற்றை வரியை நிதானமாகப் படித்தாள். பிறகு தலைவியைப் பார்த்து, பேசலாமா என்று கையால் கேட்டாள். தலைவி தலையசைத்தார்.

"எடு. லாரிக்காரனுக்கு நான் என்ன அத்தையா?"

லெசியேலி அழித்தாள். ஓட்டினாள். பெட்டிகள் ஒவ்வொன்றாக இடம் தேடி உட்கார்ந்தன, எந்த வண்டியும் முனகவில்லை. உடனே தலைவி கணக்கை மாற்றினார். இரண்டு பெட்டிகளில் பெயின்ட், சாப்பாட்டுப் பெட்டிகளோடு ஒரே வண்டியில் போகக் கூடாது. இப்போது எழுது என்றார். லெசியேலி வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே நாலாகப் பிரித்தாள். முதல் பகுதியை எழுதிப் பார்த்தாள், பிறகு இரண்டாவது. மூன்றாவது இடறியபோது பழக்கதோஷத்தில் எல்லாவற்றையும் நிறுத்தி முதலிலிருந்து பார்த்தாள். இருபது நிமிஷத்தில் நிரல் ஓடியது. வேறு வேறு கணக்கை மற்ற மூவரும் இப்படியே போட்டுக் காட்டிவிட்டுப் போனதாகத் தலைவி அப்போதுதான் சொன்னார்.

கால் மணி நேரம் கழித்து நால்வரையும் சேர்த்து நிறுத்தித் தீர்ப்பைச் சொன்னார்கள். சேர்ந்து எழுதிய அந்த நிரலுக்கு நால்வருக்கும் பூஜ்யம், அதில் பேச்சில்லை. சேர்ந்து படிக்கலாம், அனுப்புவதை மட்டும் அவரவர் தனியாக யோசித்து எழுத வேண்டும். இரண்டு வாரத்தில் புது நிரல் ஒன்று ஆளுக்கொரு விதமாகக் கொடுத்தால் பாடத்தில் தேறலாம். படிப்பில் தொடரத் தடையில்லை. எழுந்திருக்கும்போது தலைவி, அந்தக் கூடத்தில் இன்னும் ஐந்தாறு பேருக்கு இடமிருக்குமா, தன் வகுப்பில் கடைசி வரிசையில் சிலர் இருக்கிறார்கள் என்று விசாரித்தார். இடத்துக்கு என்ன குறைச்சல், புரியாமல் தலையாட்டாதவர்களாக அனுப்புங்கள் என்றாள் சூலியானா.

கதவு திறந்தது. காத்திருந்தவர்கள் பாய் சரசரக்க எழுந்தார்கள். அப்பா தட்டு மூடியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"வீட்டுக்கு அனுப்பிட்டாங்களாம்மா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. திங்கக்கிழம ஒம்பது மணிக்கு கிளாஸ் இருக்கு."

பிறகு அங்கே நடந்ததை ஒழுங்காகச் சொல்ல முடியாது. ஹெனெலேவின் குழந்தை ஏழெட்டுக் கை மாறியது. நாலு அத்தைகளும் காலையிலிருந்து அடக்கி வைத்ததை ஒரே சமயத்தில் பேசினார்கள். யாரோ பாட்டெடுக்க, கீழ்க்குரல்காரர்கள் சுவரில் சாய்ந்தபடியே சேர்ந்துகொண்டார்கள். காவலாளி இரண்டாவது தட்டு வாங்கினார்.

அம்மா மட்டும் கூட்டத்தில் இல்லை. லெசியேலி தேடினாள். தாழ்வாரத்தின் கோடியில், ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போனபோதுதான் மறுமுனையில் இருப்பது சலவைக் கூடத்து மேற்பார்வையாளர் என்று புரிந்தது. வருகிற திங்கட்கிழமையிலிருந்து மகளுக்கு அங்கே ஓர் இடம் வேண்டும் என்று, யாருக்கும் தெரியாமல், போன வாரமே கெஞ்சிச் சொல்லி வைத்திருக்கிறாள்.

"அந்த எடத்துக்கு வேற ஆளப் பாத்துக்கோங்க. எம்பொண்ணு வரமாட்டா," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "இல்ல இல்ல, ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. அவளுக்குக் கிளாஸ் இருக்கு."

பாட்டுச் சத்தத்தில் அந்த ஆளுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. வீட்டில் யாராவது சத்தம் போட்டால் துணி மடிக்கப் போகிற அம்மா, தாழ்வாரம் முழுக்கக் கேட்கிற மாதிரி இன்னொரு தரம் சொன்னாள்.

"கிளாஸ் இருக்குய்யா எம்பொண்ணுக்கு."